சுடலைக்கண்ணனின் மதில் ஆட்டம்

தாராவியில் தோல் பட்டறை ஒன்றில் கட்டிங் மாஸ்டர் சுடலைக்கண்ணன். நாற்பத்திரண்டு வயசில் பூதமும் டிராகனும் போட்ட கார்டை வைத்து ஆடுகிறானே என்று பட்டறையில் சிரிக்காத ஆள் கிடையாது. சிரிக்கட்டுமே! செம்பூரில் அல்தாப் நடத்தும் கார்டு கடைக்குத் தோல் பெட்டி செய்து கொடுக்கப் போனவன், ஐந்து வருஷமாக ஞாயிறு தவறாமல் அங்கேதான் கிடக்கிறான்.

அவன் ஆடுவது மதில் ஆட்டம். கோட்டைச் சுவர், காவல்காரன், காயம் ஆற்றும் வைத்தியச்சி என்று அடுக்கிக்கொண்டே போவான். எதிராளி அடித்து அடித்து ஓய்ந்த பிறகு, கல் யானையை இறக்கி நசுக்குவான். அதே கடையில் ஆடும் ரெபேக்கா நேர் எதிர். வாஷியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ், நாகர்கோவில் பக்கத்துக் குடும்பம். நெருப்புக் குட்டிச்சாத்தான்களை முதல் முறையிலேயே ஏவிவிடுவாள். ஏழெட்டு முறைக்குள் ஆளை முடித்தாக வேண்டும், இல்லையென்றால் அவள் கை காலி.

அந்த ஞாயிறு இவர்கள் இருவருக்கும்தான் கடைசி ஆட்டம். ஜெயிப்பவர் கடை சார்பில் பெங்களூர்ப் போட்டிக்குப் போகலாம். சுடலை இதுவரை எதற்கும் தேர்வானதில்லை. உட்காரும்போதே ரெபேக்கா சொன்னாள்.

“அண்ணே, இன்னைக்கு மெகா பிளாக், டிரெயின் கெடையாது. பதினொன்றரைக்குக் கெளம்பி பஸ் புடிச்சாத்தான் டியூட்டிக்குப் போய்ச் சேர முடியும். ஜல்தியா ஆடிருவோமா?”

“அதுக்கென்னம்மா, ஆடிருவோம்.”

ஆடினாள் பாருங்கள்! பதினொன்று இருபதுக்குள் அவனுடைய இருபது உயிரில் மூன்றுதான் மிச்சம். மதில் பாதி சரிந்து கிடந்தது. அவள் கையிலும் ஒன்றுமில்லைதான். ஆனால் அடுத்து அவள் உருவும் கார்டு நெருப்பு அம்பாக இருந்தால் அவன் கதை முடிந்தது. இப்போது அவன் முறை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பாவி, அப்போதுதான் அந்தப் புத்தி வந்தது.

ஏழாவதோடு நின்றவன், இங்கிலீஷை எழுத்துக் கூட்டித்தான் படிப்பான் என்பது கடையில் எல்லோருக்கும் தெரியும். அவன் எவ்வளவு நேரம் எடுத்தாலும் யாரும் அவசரப்படுத்துவதில்லை. மேசையில் கிடந்த வைத்தியச்சி கார்டை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து உதட்டை அசைத்தான். ஐந்து வருஷக் கார்டு! ஒவ்வொரு வரியும் மனப்பாடம்.

ரெபேக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு முன்னால் குனிந்தாள்.

“எங்கண்ணே புரியல? காட்டுங்க.” வரி வரியாக வாசித்துத் தமிழில் சொன்னாள். “ரெண்டு உயிர் ஏறும். ஆனா இந்த வாட்டி அடிக்க முடியாது. சரியா?”

சுடலை தலையாட்டினான். காவல்காரனை நீட்டினான். அதையும் பொறுமையாக வாசித்தாள். அதற்கும் தலையாட்டினான்.

பதினொன்றரைக்கு அவள் எழுந்துவிட்டாள். “நான் தோத்தேன்ணே. பாதியில எந்திச்சுப் போறேன், தப்பா நெனைக்காதீங்க.” கை குலுக்கிவிட்டு ஓடினாள். “முபாரக், சுடலை பாய்!” என்று அல்தாப் பலகையில் அவன் பெயரை எழுதினான்.

சட்டப்படி தப்பில்லையே என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்தான். மனசு கேட்டால்தானே! மத்தியானச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் போனில் ரெபேக்காவின் குரல்பதிவு ஒன்று வந்து விழுந்தது.

“அண்ணே, பெங்களூர்ல புதுக் கார்டு நெறைய வருமாம். ஒவ்வொண்ணா தமிழ்ல சொல்லி அனுப்புதேன், கேட்டு வெச்சுக்கிடுங்க. அங்க யாரும் படிச்சுச் சொல்ல மாட்டாங்க.”

அதற்குக் கீழே வரிசையாகப் பன்னிரண்டு பதிவு. டியூட்டிக்கு நடுவே பேசி அனுப்பியிருக்கிறாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒன்றைக்கூடக் கேட்காமல் அவளையே கூப்பிட்டான்.

“ரெபேக்கா, அந்தக் கார்டெல்லாம் எனக்கு மனப்பாடம்மா. நீ போவணும்னு தெரிஞ்சுதான் இழுத்தடிச்சேன். அழுகுணி ஆட்டம் ஆடிட்டேன். அல்தாப்புட்ட நானே சொல்லிருதேன், பெங்களூருக்கு நீ போ.”

அந்தப் பக்கம் யாரோ “சிஸ்டர்” என்று கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை.

“பெங்களூர் கெடக்கட்டும்ணே. நான் அவ்வளவு நேரம் வாசிச்சுக் காட்டும்போது, ஏன் தலையாட்டிக்கிட்டே இருந்தீங்க?”