ஜன்னலோர மேசையின் இலைகள்

என் கோழிக்கிறுக்கலைப் படித்து அச்சில் ஏற்றுகிறவர் முதலில் மன்னிக்க வேண்டும். அஞ்சாம் கிளாசோடு நின்றவன்; பிழை இருந்தால் வாசிக்கிற நீங்களும் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் அவசரமாக வேறு எழுதுகிறேன்.

மூலக்குளத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நான் சப்ளையர் என்பது உங்களுக்குத் தெரியும். ஜன்னலோர மேசை மட்டும் என்னோடு பரிமாறிய மடுகரை கலியபெருமாள் அண்ணனுடையது. சம்பளம் கிடையாது. சாப்பாடு, மேசையில் விழும் டிப்ஸ் – முதலாளியோடு எங்கள் இருவருக்கும் அவ்வளவுதான் பேச்சு.

சாம்பாரில் உப்பு கூடினால் டிப்ஸ் குறையும். சமைத்தது நாங்களா? இப்போது எல்லோரும் போனில் பணம் கட்டுகிறார்கள். கல்லாவில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி 'பெறப்பட்டது' என்று கத்துகிறது. மேசைக்குச் சில்லறை வருவதே அபூர்வம்.

அண்ணன் காய்ச்சலோடு பரிமாறினார். லீவு போட்டால் அன்றைக்குக் காசு இல்லையே... ஒரு வாரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவர் மனைவி அஞ்சலை அக்கா இலை எடுக்கும் வேலைக்கு வந்தார். அவருக்கும் அதே பேச்சு – டிப்ஸ்.

முதலில் கவனித்தது அவர்தான்.

"இன்னா தம்பி இது? இந்த டேபிள்ல மட்டும் எல்லாரும் எதிர்ப்பக்கமா மடிச்சிட்டுப் போறாங்கோ?"

நல்ல சாப்பாடு என்றால் இலையைத் தன் பக்கம் மடிப்போம். எதிர்ப்பக்கம் மடிப்பது கருமாதிச் சாப்பாட்டில்தான். இல்லையா?

புது மாப்பிள்ளை ஒருவர் மனைவியோடு சாப்பிட்டு எழுந்தார். அக்கா கேட்டே விட்டார். "ஏம்பா, இலைய இப்படியா மடிப்ப?"

அவர் குனிந்து பார்த்தார். "நானா மடிச்சேன்? தெரியலியேக்கா..." முகம் வெளுத்துவிட்டது.

முதலாளி சிரித்தார். "ஃபேன் காத்துல மடிஞ்சிருக்கும்."

"சோறு ஒட்டுன இலை காத்துக்கு மடியுமா மொதலாளி? கருமாதிக்கு நாலு பேருக்குச் சோறு போட எனக்கு வக்கில்ல. அவரே வந்து போட்டுக்கிறாரு போல." அக்கா விடவில்லை. "எனக்குச் சம்பளம் போடுங்க. இலை எடுக்கறவளுக்கு எவன் டிப்ஸ் வெப்பான்?"

"பேய்க் கதை சொல்லிச் சம்பளம் கேக்கறியா? கொண்டாடா இலைய!"

ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் பரிமாறினேன். போனில் யாரையோ கிண்டலடித்துக்கொண்டே ரசம், மோர் எல்லாம் முடித்தார். ஏப்பம் விட்டு எழுந்தவர் பாதியில் நின்றார்.

இலை எதிர்ப்பக்கம் மடிந்திருந்தது. அவர் கை இன்னும் அதன் மேல்தான் இருந்தது.

யாருடைய கையையோ பார்ப்பதுபோல் அதைப் பார்த்தார். பிறகு குழாயடியில் வெகுநேரம் சோப்புப் போட்டார்.

அடுத்த ஒன்றாம் தேதி அக்காவுக்குச் சம்பளம் வந்தது. அன்றிலிருந்து ஜன்னலோர இலைகள் ஒழுங்காகச் சாப்பிடுகிறவர் பக்கமே மடிகின்றன. கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

எனக்கு? நான் கேட்கவில்லை. கூச்சம். இன்றும் டிப்ஸில்தான் ஓடுகிறது. டிப்ஸ் கொடுப்பவர் மனசு, சரி. சம்பளத்தையும் அவர் மனசில் வைத்துவிட்டால் நாங்கள் எங்கே போய்க் கேட்பது?

இன்று மதியம் என் வாசலோர மேசையைத் துடைக்கப் போனேன். அக்கா இலையை எடுக்காமல் நின்றிருந்தார். நாலு இலை. நாலும் எதிர்ப்பக்கம்.

"இது ஒன் டேபிளு தம்பி," என்றார் மெதுவாக. "நீயும் கேட்டுடுப்பா."

நாளைக் காலை கேட்டுவிடுவேன்... குரல் வந்தால்.

– ஆடி, கடைசி வெள்ளி