முருங்கைக்காய்ப் பெட்டிகளோடு போன துவக்கு

சுவிஸில், ஓர்லிகோனில் உள்ள எங்கள் பலசரக்குக் கடையில் கூரியர் பார்சல்களையும் பொறுப்பேற்கிறோம். சில வருடங்களுக்கு முன், சுவிஸ்காரர் ஒருவர் நீளமான பெட்டியொன்றைக் கொண்டுவந்தார். உள்ளே இருந்தது வேட்டைக்குச் சுடும் துவக்கு. திருத்துவதற்காகச் சூக் நகருக்கு அனுப்புகிறாராம். அனுமதிப் பத்திரம் இருந்தது, கூரியருக்கும் முன்கூட்டியே அறிவித்திருந்தார்.

துவக்குக்குப் பயந்து நாட்டைவிட்டு வந்தவள் நான். கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று அதைப் பின்னறையில் வைத்தேன். திரிம்பாக் என்ற ஊரிலுள்ள கோவிலின் அன்னதானத்துக்கான முருங்கைக்காய்ப் பெட்டிகளும் அங்கேதான் இருந்தன.

மாலையில் கூரியர்காரர் வந்தபோது பின்னறை வெறுமையாகக் கிடந்தது. என் கணவர் எல்லாப் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு கோவிலுக்குப் போயிருந்தார். பொலிஸ் வருமோ, விசா போய்விடுமோ என்று உடனே அவருக்குப் போன் எடுத்தேன்.

"இஞ்சையப்பா, பெட்டியளைத் திறந்தாச்சோ?"

"இன்னும் இல்லை. ஒண்டு மட்டும் சரியான பாரம். அதை வெட்டத்தான் கத்தி எடுக்கப் போயிருக்கினம்."

"ஐயோ, விடாதேங்கோ! அது துவக்கு!"

தடதடவென்று ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "நான் பெட்டிக்கு மேலை ஏறி இருந்திட்டன். நீர் அழாதையும்" என்றார்.

பெட்டி பத்திரமாகத் திரும்பி வந்து, கூரியரில் போய்ச் சேர்ந்தது. இப்போதும் அப்படியான பெட்டியைக் கண்டால் எனக்குப் பயம்தான். ஆனாலும் கூரியர்காரர் வரும்வரை அதை என் காலடியிலேயே வைத்து, பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.