மதகுச் சாவி

சுனாமிக்குப் பிறகு இந்தத் தீவில் எங்கள் வயலில் பாதி கடலுக்கு என்று ஆகிவிட்டது. நிலநடுக்கத்தில் தரையே கீழே இறங்கிவிட்டதால், கடல் ஏறும்போதெல்லாம் ஓடை வழியாக உப்புத் தண்ணீர் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். அக்கம்பக்கத்தில் எல்லோரும் நெல்லைக் கைகழுவினார்கள். மேட்டில் பாக்குக் கன்று வைத்தார்கள், மீன்குட்டை வெட்டினார்கள், அரிசிக்குக் கப்பலைப் பார்த்தார்கள். என் பிள்ளைகளின் சோறு கப்பலை நம்பி இருப்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

வரப்பை உயர்த்தி, ஓடையோரம் பலகை வைத்த மதகு போட்டோம். மழைநீரைத் தேக்கி உப்பைக் கரைப்போம். கடல் வற்றும் நேரம் பலகையைத் தூக்கி அந்தத் தண்ணீரை வெளியே விடுவோம். கடல் ஏறுமுன் பலகை இறங்கிவிட வேண்டும். காலையில் வயல் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பேன். சில மழைக்காலங்கள் இப்படியே போய், ஒரு வருஷம் கரிப்பு போய்விட்டது. நட்டோம். கதிர் வந்து பால் பிடித்தது.

என் வீட்டுக்காரரின் அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. டவுனை ஒட்டிப் பத்துபஸ்தியில் வீடு, காண்ட்ராக்ட் தொழில், வாய் நிறைய அறிவுரை. பேச்சில் பாதி இந்தி; கப்பல் அவருக்கு ஜஹாஜ், அரிசி சாவல்.

"அரே, ஜஹாஜ்ல மூட்டை மூட்டையா சாவல் வந்து எறங்குது. நீ என்னம்மா சேத்துல கெடந்து சாகுறே? தண்ணிய உள்ள விடு, எறாலு தானா வரும்."

"எறாலத் தின்னா வயிறு நெறையுமா மாமா?" என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு பௌர்ணமியன்று நாங்கள் பக்கத்துத் தீவு பாராடாங்கில் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். அந்த நேரம் பார்த்து அண்ணன் கூட்டாளிகளோடு வந்து, கடல் ஏறும்போது பலகையைத் தூக்கி வலை கட்டியிருக்கிறார். மீன் வேண்டுமாம். பலகையை இறக்கிவிட்டுப் போகவும் தோன்றவில்லை. மறுநாள் காலை விரலை நாக்கில் வைத்தேன். ஒரே உப்பு.

அறுத்தபோது கைக்கு வந்ததெல்லாம் பதர். களத்து மூலையில் குவித்துப் போட்டேன்.

"அண்ணன் தெரியாம செஞ்சிட்டாரு, விடு" என்றார் வீட்டுக்காரர். தெரியாமலாம்! கடல் எப்போது ஏறும் என்று தெரியாதவன் இந்தத் தீவில் யார்?

அந்த டிசம்பரில் புயல். கப்பல் வரவில்லை, ரேஷன் கடை மூடிக் கிடந்தது. எங்கள் டிரம்மில் முன்பே வாங்கிவைத்த கடை அரிசி கொஞ்சம் மிச்சம். அண்ணன் பையோடு வந்து நின்றார்.

"கொஞ்சம் சாவல் குடும்மா. ஜஹாஜ் வந்ததும் தந்துடறேன்."

பதரை வாரி அவர் பை நிறையக் கொட்டினேன். "உங்க வெளைச்சல் மாமா. கொண்டு போங்க."

அவர் முகம் செத்துப்போனது. எனக்கு வயிறு குளிர்ந்தது. ஆனால் என் வீட்டுக்காரர் பதரைக் கீழே உதறிவிட்டு, டிரம்மிலிருந்த அரிசியில் பாதியை அள்ளிப் போட்டு அண்ணனை அனுப்பிவைத்தார். கப்பல் வரும்வரை பிள்ளைகளுக்குக் கஞ்சிதான். அண்ணனைவிட இவர்மேல்தான் எனக்கு ஆத்திரம் அதிகம்.

அடுத்த மழைக்கு உப்பைக் கரைக்கும் வேலை மறுபடி முதலிலிருந்து. பலகைக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினேன். சாவியைத் தாலிக்கயிற்றில் கோத்துக்கொண்டேன்.

"கடல் வத்துது, சாவியக் குடு" என்று கை நீட்டினார் வீட்டுக்காரர்.

"நானே தெறந்துக்கிறேன். நீங்க போயி உங்க அண்ணனுக்குக் கப்பல் வருதான்னு பாருங்க."