அணுக்கருவின் உருவம் பார்க்கப் போனவள்

இல்லை, அது திமிர் இல்லை. "படிச்ச திமிரு, அதான் கல்யாணத்தத் தட்டிட்டுப் போயிட்டா" என்று என் பேத்தி இஃப்பத்தைப் பற்றி அடுத்த வீட்டு ஷமா எங்கள் பேகம்பூர் முழுக்கச் சொல்லித் திரிகிறாள். நான் ஒப்ப மாட்டேன். திமிர் பிடித்தவள் வீட்டுக்கு வந்தால் மாவு பிசைவாளா?

ரொட்டி தேய்த்தால் இஃப்பத் நேராகக் கல்லில் போடமாட்டாள். ஜன்னலுக்கு நேரே தூக்கி, வெளிச்சம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் தெரிகிறதா என்று பார்ப்பாள். "வவுத்துக்குள்ள போறதுக்கு இம்புட்டு ஆராய்ச்சியா?" என்று அவள் அம்மா நர்கீஸ் கடிந்துகொள்வாள். இவள் அதைக் கேட்டுக்கொண்டே அடுத்ததையும் தூக்கிப் பார்ப்பாள். படிப்பு தந்த பழக்கம் அது.

அதைக் குண்டு செய்கிற படிப்பு என்றும் ஷமா சொல்கிறாள். நான் இஃப்பத்திடமே கேட்டேன். பேரிக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"அணுவுக்கு நடுவுல ஒரு கரு இருக்கு நன்னிமா. எந்தக் கண்ணாடி வச்சும் அதோட உருவத்தப் பாக்க ஏலாது. அதனால மெல்லிசாத் தேச்ச உலோகத் தகட்டு மேல வேற கருவ வேகமா விடுவோம். முட்ட வேணாம், பக்கத்துல போனாலே தகட்டுல உள்ள கரு சுத்த ஆரம்பிச்சுரும். சுத்தி ஓயுறப்ப கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்த விடும். அத நாலாபக்கமும் கருவி வச்சுப் பிடிச்சு, எம்புட்டு பலத்துல வருதுன்னு பாத்தா, கரு உருண்டையா, முட்டையாட்டம் நீளமான்னு சொல்லிரலாம். சிலது இந்தக் கொடைக்கானல் பேரிக்காய் கணக்கா ஒரு பக்கம் பெருத்துக்கூட இருக்கும்."

"உருவம் தெரிஞ்சு என்ன செய்யப் போற?"

"தெரிஞ்சுக்கப் போறேன்."

அந்த எந்திரம் டெல்லியில் இருக்கிறது. வருஷத்தில் சில நாள் முறை கிடைத்தாலே பெரிது. போன வருஷம் அவள் தேய்த்த தகட்டில் காற்றுப் பட்டுக் கறுத்துவிட்டது. அந்தக் கறை விட்ட வெளிச்சமும் சேர்ந்து வர, தேடியது எதுவென்று பிரிக்க முடியவில்லை. ஊருக்கு வந்து இரண்டு நாள் இருந்தாள். பிறகு புதுத் தகடு தேய்க்கப் போய்விட்டாள்.

இந்த வருஷம் அவளுக்கு முறை வந்த வாரத்துக்கே வேடசந்தூர் மாப்பிள்ளை வீட்டார் நிக்காஹ் நாள் குறித்தார்கள். நாள் குறித்த பெண் ஊர் தாண்டுவது எங்களிடம் வழக்கமில்லை. இஃப்பத் மாப்பிள்ளையின் அம்மாவுக்குத் தானே போன் போட்டாள்.

"ஒரு மாசம் தள்ளி வைங்க மாமி. எனக்கு மனசு மாறல. மிஷின்தான் எனக்காக நிக்காது."

அந்த அம்மா போனை வைத்துவிட்டாள். பதில் வரட்டும், அப்புறம் போ என்று நர்கீஸ் அழுதாள்.

"வந்தா சொல்லுங்கம்மா. அங்கிருந்து கேட்டுக்கிறேன்."

இன்றுவரை பதில் வரவில்லை.

கிளம்பிய அன்று நர்கீஸ் அவள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிலைப்படியை மறித்து நின்றாள். வெளியே ஆட்டோ உறுமிக்கொண்டிருந்தது. இஃப்பத் கெஞ்சவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, பைக்காக ஒரு கையை நீட்டினாள். நர்கீஸ் தரவில்லை. இவள் இழுக்கவில்லை, நீட்டிய கையை மடக்கவும் இல்லை. பையின் வார் அந்தக் கையில் வந்து விழும்வரை அப்படியே நின்றாள். பிறகு படியிறங்கினாள்.