லா ஷாரித்தேயில் ஒதீல்

ஒதீல் நெவேரிலிருந்து கல்யாணமாகி லா ஷாரித்தேக்கு வந்தவள். லுவார் ஆறு இரண்டாகப் பிரிந்து ஓடும் இடத்தில், நடுத்தீவில், சின்னதாக ஒரு முடிதிருத்தும் கடை வைத்திருந்தாள். ஊர்ப் பெயருக்குத் தருமம் என்று அர்த்தம். பசியோடு வந்த வழிப்போக்கர்கள் "சாமியார்களோட தருமத்துக்குப் போவோம்" என்று மடத்தைத் தேடி நடந்து நடந்தே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது என்பார்கள்.

அந்தச் சொல்லே ஒதீலுக்கு ஆகாது. அப்பா இறந்த வருஷம் அம்மா யாரோ கழித்த கோட்டு ஒன்றைத் தருமமாக வாங்கி அவளுக்குப் போட்டுப் பள்ளிக்கு அனுப்பினாள். கோட்டுக்குப் பழைய சொந்தக்காரி அதே வகுப்பில் இருந்தாள். எல்லோர் முன்னாலும் அடையாளம் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து ஒதீல் யாரிடமும் எதையும் சும்மா வாங்குவதில்லை. பக்கத்து வீட்டில் பிளம் ஜாம் கொடுத்தால், பொழுது சாய்வதற்குள் ஒரு கேக் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். கணவன் இறந்தபின் இந்த வைராக்கியம் இன்னும் முற்றியது.

அவளுக்கு அறுபது நெருங்கிய ஒரு டிசம்பரில் ஆறு ஏறியது. காலி செய்யச் சொல்லி வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, சாமான்களைத் தனியாகவே மேஜைமேல் அடுக்கிக்கொண்டிருந்தாள். தண்ணீர் கடைக்குள் புகுந்தபோது ஜன்னலோரம் ஒரு தட்டைப் படகு வந்து நின்றது. படகில் மர்சியால். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், மேட்டுத்தெருவில் தனியாக இருப்பவர். அவள் கடை வாசலில் தூண்டில் சாமானை வைத்து அடிக்கடி திட்டு வாங்குகிறவர்.

"நாற்காலிய முதல்ல குடுங்க மதாம். அப்புறம் நீங்க ஏறுங்க."

"உங்க புழு டப்பா நாத்தத்துலயா? நானே பாத்துக்கறேன் முசியே."

"தருமம்னே பேரு வச்ச ஊர்ல இருந்துக்கிட்டு இப்படி அடம் பிடிக்கிறது நீங்க ஒருத்திதான். தண்ணி முழங்காலுக்கு வந்தாச்சு. உங்க வீம்புக்கு நீச்சல் தெரியுமா?"

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. ஏறினாள்.

தெருவைப் பார்த்த தன் முன்னறையை மர்சியால் அவளுக்கு ஒழித்துக் கொடுத்தார். நாற்காலியும் கண்ணாடியும் அங்கே வந்ததும் வாடிக்கைப் பெண்களும் மேடேறி வந்தார்கள். முதல் நாளே ஒதீல் துடைப்பத்தை எடுத்தாள். மர்சியால் அதை வாங்கி மூலையில் வைத்துவிட்டு, வெள்ளை ஒயினில் வெந்த மீனை அவள் முன்னால் வைத்தார்.

"பதிலுக்குப் பதில் செஞ்சீங்கன்னா இது ஓட்டலாயிடும் மதாம். உக்காந்து சாப்பிடுங்க."

சாப்பிட்டாள். சும்மா கிடைத்த சாப்பாடு சிக்காமல் இறங்கியதுதான் அவளுக்கு ஆச்சரியம்.

வெள்ளம் வடிந்ததும் தீவுக்காரர்கள் கடையில் சேறு வழிக்க வந்தார்கள். வேண்டாம் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, எல்லோருக்கும் காப்பி மட்டும் போட்டாள். வசந்தத்தில் கடை திறந்தது.

அவளும் மர்சியாலும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குளிர்காலம் மேட்டில், கோடை தீவில் என்று ஆகிவிட்டது. ஆறு மெலிந்திருக்கும் நாட்களில் மணல் திட்டில் நாற்காலி போட்டு அவருக்கு முடி வெட்டுவாள். அவர் வாயாடாமல் இருப்பது அந்த நேரத்தில் மட்டும்தான்.