உம் கொட்ட மறுத்தவர்

காஜா அக்காவுக்கு மேடையில் ஒரே வேலைதான்: உம் கொட்டுவது.

பகலில் தையல் கடையில் சட்டைகளுக்குக் காஜா எடுத்து பட்டன் வைப்பார். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். சனிக்கிழமை மாலைகளில் கதைசொல்லிகளின் கூட்டத்துக்கு வந்துவிடுவார். வாயால் கதை சொல்லும் பழக்கத்தைக் கைப்பேசி தின்று தீர்த்த பிறகு, அதை மறுபடி கையிலெடுத்த கூட்டம் அது. ஒரு பெயின்டர், ஒரு நர்ஸ், மீன் விற்கும் தம்பதி, அக்காவின் தம்பி. தம்பிக்குக் குழாய் ரிப்பேர் தொழில். குரல் மட்டும் ராஜகுரல்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. கதை சொல்பவருக்கு எதிரே ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்திருப்பவர் ‘உம்’ என்றால்தான் கதை அடுத்த அடி வைக்கும். சொல்லாவிட்டால், சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் மாற்றிச் சொல்ல வேண்டும். சொல்பவர் கேட்பவரின் தலைமேல் ஏறிச் சவாரி செய்யக் கூடாது என்பதற்காக அவர்களே பேசி வைத்த சட்டம். அந்த நாற்காலிக்கு அக்காவை விட்டால் ஆள் கிடையாது. அவருடைய உம்மில் பயம் இருக்கும், சந்தேகம் இருக்கும், சில சமயம் ‘அடப்பாவி’யும் இருக்கும். “அக்கா உம் கொட்டினா நான் விடுற புளுகுகூட நிஜமாயிடுது” என்பார் பெயின்டர்.

அக்காவின் கணவர் சாயப்பட்டறையில் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கி, விஷவாயுவில் செத்தவர். ‘நாங்கள் யாரும் அவரை உள்ளே இறக்கவில்லை, அவராகத்தான் இறங்கினார்’ என்று எழுதிக் கொடுத்தது கம்பெனி. வழக்கு இன்னும் இழுத்துக்கொண்டு கிடக்கிறது.

கூட்டத்துக்குத்தான் இடம் இல்லை. மெக்கானிக் ஷெட்டிலிருந்து கிளப்பினார்கள். பள்ளிக்கூட வராந்தாவிலிருந்தும் கிளப்பினார்கள். கடைசியில் மண்டபம் வைத்திருக்கும் ஒரு பெரிய மனிதர், வருடம் முழுக்கச் சும்மாவே இடம் தருவதாகச் சொன்னார். முதலில் ஒரு நிகழ்ச்சி, அது பிடித்துப்போனால் சாவி. கதையையும் அவரே சொல்லிவிட்டார். அவருடைய முப்பாட்டன் ஏரிக்குக் கரை கட்டிய கதை. கரை உடைந்துகொண்டே இருந்ததாம். மண் சுமந்த கூலிக்காரி ஒருத்தியின் மகள் சிரித்த முகத்தோடு மதகுக்குள் இறங்கி உயிரைக் கொடுத்தாளாம். அதற்குப் பிறகு கரை அசையவில்லையாம்.

கரை நிற்பது களிமண்ணாலும் கல்லாலும். உள்ளே ஒரு பெண்ணைப் புதைத்தால் தண்ணீர் அடங்கும் என்பது, கூலி கேட்ட வாய்களை அடக்குவதற்காக யாரோ கட்டிவிட்ட கதை. அதில் அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அதுதான் எல்லாவற்றிலும் பெரிய அயோக்கியத்தனம்.

ஒத்திகையிலேயே அக்கா பிடித்துக்கொண்டார். “எந்தப் பொண்ணுடா சிரிச்சுக்கிட்டே சாவா?”

தம்பி தலையைச் சொறிந்தார். “சரிக்கா, தள்ளினாங்கன்னே சொல்லிடறேன். போதுமா?”

நிகழ்ச்சி அன்று மண்டபம் நிறைந்திருந்தது. மேடை ஏறுவதற்குச் சற்று முன் மண்டபக்காரர் தம்பியின் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போனார். என்ன பேசினார்கள் என்று அக்காவுக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்த தம்பி அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

கதை நன்றாகத்தான் போனது. மழை பெய்தது, கரை உடைந்தது, உம் விழுந்தது. மதகு வந்தது.

“அப்ப அந்தப் பொண்ணு சிரிச்ச முகத்தோட, தானாவே உள்ள எறங்கினா.”

உம் வரவில்லை.

காதில் விழவில்லை போலிருக்கிறது என்று தம்பி குரலை உயர்த்தினார். “தானாவே எறங்கினா!”

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பியின் சட்டை முதுகோடு ஒட்டியது. மேடையின் ஓரத்திலிருந்து நர்ஸ் கையெடுத்துக் கும்பிட்டார். “அக்கா, ஒரே ஒரு உம்முதானே, போட்டுத் தொலைங்களேன்” என்று பல்லுக்குள் முனகினார் பெயின்டர்.

“உம்!” என்றார் மண்டபக்காரர், முதல் வரிசையிலிருந்து. “அவங்களுக்கு பதிலா நான் சொல்லிட்டேன். நீ மேல போப்பா.”

கூட்டம் சிரித்தது. தம்பி முதல் வரிசையைப் பார்த்தார். சட்டப்படி அந்த உம் செல்லாது. ஆனால் சாவி அந்த வாயில்தான் இருந்தது.

“உடனே மதகை மூடினாங்க…”

“யாரு மூடினாங்க?” என்றார் அக்கா.

“ஏம்மா, கதைக்கு நடுவுல கேள்வியா?” மண்டபக்காரரின் குரலில் இன்னும் சிரிப்பு மிச்சமிருந்தது. “இது பெரியவங்க சொன்ன கதை.”

“பெரியவங்க சொன்னாங்க, சரிங்கய்யா. அந்தப் பொண்ணை யாராவது கேட்டாங்களா?”

“உன் வேலை உம் கொட்டுறது.”

“அதைத்தாங்கய்யா யோசிச்சுச் செய்யறேன். எனக்கு இருக்கிறது ஒரு வாய். புளுகுக்கும் அதையே குடுத்துட்டா, நாளைக்குக் கோர்ட்டுல எதை வெச்சுப் பேசுவேன்?”

சிரிப்பு நின்றது. தம்பி செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். செம்பைக் கீழே வைக்க இவ்வளவு நேரமா என்று எல்லாருக்கும் தோன்றியது.

“அவ எறங்கலை” என்றார் கடைசியில். ராஜகுரல் எங்கோ போய்விட்டிருந்தது. “அழுதா. அம்மாவைக் கூப்பிட்டா. கரை கட்டச் சொன்னவரு ஆளை விட்டுத் தள்ளச் சொன்னாரு. தள்ளினாங்க.”

“உம்” என்றார் அக்கா. வெளியே வரவே விரும்பாத ஓர் உம்.

மண்டபக்காரர் எழுந்தார். மண்டப மேனேஜரைப் பார்த்து, நிறுத்து என்பதுபோல் கையை ஆட்டிவிட்டுப் போனார். சிலர் அவர் பின்னால் போனார்கள். மேனேஜர் மைக்கைப் பிடுங்கினார். மீதிக் கதையைத் தம்பி வெறும் தொண்டையில் சொன்னார். அடுத்த மழையிலும் கரை உடைந்தது. மகளைத் தேடி அந்தக் கூலிக்காரி வெறுங்கையால் மதகைத் தோண்டினாள். அவளைப் பார்த்து மண்வெட்டியைக் கீழே போட்ட கூலிகள் அதை மறுபடி எடுக்கவில்லை. இருந்தவர்கள் கேட்டார்கள். கைதட்டக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

தெருவில் வந்துதான் சண்டை. “மானம் காத்துட்டோம், சரி. சனிக்கிழமை எங்க உக்காருறது? நடுரோட்டுலயா?” என்று மீன்காரம்மா பொரிந்து தள்ளினார். பெயின்டர் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.

“எங்க கடையில உக்காரலாம். முதலாளிகிட்ட நான் கேக்கறேன்” என்றார் அக்கா.

தம்பி வெடித்தார். “அங்க மெஷின் ஓடிக்கிட்டே இருக்குமேக்கா! அந்த சத்தத்துல நான் கதை சொன்னா எவன் காதுல விழும்?”

“கத்திச் சொல்லுடா. மண்டபத்துலதான் மெதுவாப் பேசணும்.”