இரண்டு பேருக்கான அடுப்பு

குற்றாலம் சாலையில் கொரியன் உணவகம் திறந்தபோது, அந்த நாட்டு சீரியல்களாகப் பார்த்துத் தள்ளும் என் மனைவி, "ஒரு தடவை போவோமே" என்றாள். "அதையெல்லாம் யாரு திம்பா?" என்று சிரித்தேன். அவள் இறந்த பிறகுதான் போனேன், தனியாக.

மேஜை நடுவிலேயே அடுப்பு. அதில் கறியைச் சுட்டுச் சுடச்சுடத் தின்ன வேண்டும். குறைந்தது இரண்டு பேர் இருந்தால்தான் பற்ற வைப்பார்களாம்.

"வீட்டுக்காரி பின்னாடி வாரா. மேலகரத்துக்கிட்ட வந்துட்டா," என்று கூசாமல் பொய் சொன்னேன். இரண்டு தட்டு வைத்தார்கள்.

அடுத்த வாரமும் போய் அதையே சொன்னேன். பரிமாறும் பெண் கறியைக் கத்தரிக்கோலால் நறுக்கி, எதிர்த் தட்டிலும் இரண்டு துண்டு வைத்தாள்.

"அவ வர மாட்டாம்மா."

"தெரியும் அண்ணாச்சி. போன வாரமும் அவிய மேலகரத்துலதான நின்னாவ." அவள் சிரிக்கவில்லை. "இனிமே ஒத்தையா வந்தாலும் நான் அடுப்பு பத்த வைக்கேன். பொய் சொல்ல வேண்டாம்."

எதிர்த் தட்டை எடுக்கப் போனாள். "இருக்கட்டும்" என்றேன்.

கறி ருசியாகத்தான் இருந்தது. இரண்டு தட்டையும் நானே காலி செய்தேன். யாரு திம்பா என்று கேட்டவனும் நான்தான்.